பத்தில் ஒன்பது போதவில்லை: அரிசோனா வேட்டை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

அரிசோனா மாநில வேட்டை, மீன்வள ஆணையத்தின் உறுப்பினர்கள் ஐவருக்கும் வணக்கம்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் முழுக்கக் குறையாகத்தான் இருக்கும்.

செத்த விலங்கைத் தின்று வாழும் காண்டோர் என்ற பெரும் பறவை தோட்டாவின் ஈயத்தால் சாகாமல் இருக்க, கிராண்ட் கேன்யனுக்கு வடக்கே இருக்கும் வடக்கு கைபாப் மேட்டில் மான் வேட்டைக்குக் குலுக்கலில் அனுமதி கிடைத்தவர்களுக்கு 2005இலிருந்து உங்கள் துறை ஈயமில்லாத தோட்டாவை இலவசமாகக் கொடுத்துவருகிறது. கட்டாயம் இல்லை, அபராதம் இல்லை. ஆனாலும் பல ஆண்டுகளாகப் பத்துக்கு எட்டு, ஒன்பது வேட்டைக்காரர்கள் ஒத்துழைக்கிறார்கள். செப்புத் தோட்டாவால் சுடுகிறார்கள். இல்லாவிட்டால் சுட்ட மானின் குடலையும் கழிவையும் காட்டில் விடாமல் மூட்டை கட்டி எடுத்து வந்துவிடுகிறார்கள். சும்மா கேட்டுக்கொண்டதற்காகப் பத்தில் ஒன்பது பேர் ஒரு காரியத்தைச் செய்து நான் பார்த்ததில்லை. எங்கள் குடியிருப்பில் குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்றால் பாதிப் பேர்கூடச் செய்வதில்லை.

குறை என்னவென்றால், அந்த ஒன்பது போதவில்லை.

நான் வேட்டைக்காரன் அல்ல. ஃபீனிக்ஸில் பல ஆண்டுகளாக மென்பொருள் வேலை பார்க்கிறவன். துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் கறி தின்கிறவன், ஆகவே வேட்டையாடுவது சரியா தவறா என்று உங்களுக்குப் பாடம் எடுக்க வரவில்லை. இந்த மடலை ஆங்கிலத்தில் உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், நீண்ட வார இறுதி வந்தாலே கிராண்ட் கேன்யனுக்கு வண்டியைக் கிளப்பிவிடும் எங்கள் ஆட்கள். அவர்கள் எல்லோரும் இந்தக் காண்டோரைப் படம் எடுத்திருக்கிறார்கள். அதன் கதை தெரிந்தவர்கள் குறைவு.

சில ஆண்டுகளுக்கு முன் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். மார்பிள் கேன்யனில் நவாஹோ பாலத்தில் நடந்துகொண்டிருந்தோம். கீழே வெகு ஆழத்தில் கொலராடோ ஆறு. பாலத்தின் இரும்புச் சட்டத்தில் மூன்று காண்டோர்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்று எழுந்து இறக்கையை விரித்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை ஒன்பதரை அடி. இறக்கையில் எண் எழுதிய அட்டை. "ஏன்டா, ரேஷன் கார்டு மாதிரி நம்பர் ஒட்டி விட்டிருக்கான்?" என்றார் அம்மா. உலகத்தில் இவை மொத்தமே சில நூறுதான், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, எது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நம்ம ஊர்க் கழுகுக்கும் இப்படி நம்பர் போட்டிருந்தா, எங்க போச்சுன்னாவது தெரிஞ்சிருக்கும்."

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றம். பெயரிலேயே கழுகு இருக்கிறது. மலைமேல் வேதகிரீஸ்வரர் கோயிலுக்கு அருகே ஒரு பாறையில், தினமும் உச்சிவேளையில் இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) வந்து இறங்கும். அர்ச்சகர் சர்க்கரைப் பொங்கல் வைப்பார், தின்றுவிட்டுப் போகும். காசியில் குளித்துவிட்டு ராமேஸ்வரம் போகிற வழியில் வருகின்றன என்று சொல்லி வளர்த்தார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியோடு அவை வருவது நின்றுபோனது. பாறை இருக்கிறது, படிகள் இருக்கின்றன, பட்சிதீர்த்தம் என்ற பெயர் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் என்ன ஆயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் பறவைகளுக்கு என்ன ஆகிறது என்பது தெளிவாகத் தெரியும். எனக்கு ஆற்றாமை அங்கேதான்.

கலிபோர்னியா காண்டோர் 1982இல் 22 மட்டுமே மிஞ்சியிருந்தது. 1987 ஏப்ரலில் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டுக்குக் கொண்டுவந்தபோது மொத்தம் 27. அங்கிருந்து முட்டை முட்டையாகப் பெருக்கி, 1992இல் கலிபோர்னியாவிலும், 1996 டிசம்பர் 12 அன்று இங்கே வெர்மிலியன் கிளிஃப்ஸில் ஆறு பறவைகளுமாகத் திறந்துவிட்டார்கள். இன்று காட்டிலும் கூண்டிலும் சேர்த்து 500க்கு மேல். மீட்புத் திட்டத்தின் ஆயிரமாவது குஞ்சு 2019இல் பொரிந்தது ஸயன் தேசியப் பூங்காவின் பாறை இடுக்கில், ஏதோ ஆய்வுக்கூடத்தில் இல்லை. நல்ல கதைதான். ஆனால் காட்டுக்குள் விட்ட பறவைகளில் சாவுக்குக் காரணம் தெரிந்தவற்றை மட்டும் எண்ணினால், ஏறத்தாழப் பாதி ஈய நஞ்சால் செத்தவை. மின்கம்பி, நரி, கழுகு எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்களுக்காகச் சொல்கிறேன். ரைஃபிள் தோட்டா மானுக்குள் புகுந்ததும் காளான் மாதிரி விரிய வேண்டும். அப்போதுதான் மிருகம் சட்டென்று சாகும். ஈயம் மெத்தென்ற உலோகம், நன்றாக விரியும். விரியும்போதே உதிரவும் செய்யும். கடுகளவில் ஆரம்பித்துக் கோலமாவு அளவு வரைக்கும் துணுக்குகள், குண்டு போன பாதையைத் தாண்டிச் சதைக்குள்ளும் குடலுக்குள்ளும் சிதறுகின்றன. வேட்டைக்காரர் மானை அங்கேயே கிழித்து, வேண்டிய கறியை எடுத்துக்கொண்டு குடலை விட்டுவிட்டுப் போகிறார். அது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம், நல்ல எண்ணத்தோடு செய்வதும்கூட: காட்டு ஜீவன் ஏதாவது தின்னட்டும் என்று. காண்டோரும் வந்து தின்கிறது.

(இதைப் படித்துவிட்டு வீட்டு ஈயச் சொம்பை யாரும் தூக்கி எறிய வேண்டாம். ரசம் வைக்கிற சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். கலப்படம் இல்லாத வரை பயமில்லை. தோட்டாவில் இருப்பது காரீயம்.)

2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஈயத் தோட்டாவால் சுடப்பட்ட மான்களின் மிச்சங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். காட்டில் விடப்பட்ட 20 குடல் குவியல்களில் 18இல் ஈயத் துணுக்குகள் இருந்தன, சிலவற்றில் நூற்றுக்கணக்கில். செப்புத் தோட்டாவால் சுட்ட நான்கு முழு மான்களில் எல்லாமாகச் சேர்த்து ஆறு துணுக்குகள். அந்த எக்ஸ்ரே படங்களை நான் பார்த்திருக்கிறேன். மானின் விலா எலும்புகளுக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகள், அமாவாசை வானம் மாதிரி.

காண்டோரின் வயிற்று அமிலம் அழுகிய பிணத்தையே செரிக்கிற வீரியம் உள்ளது. அதே அமிலம் ஈயத்தையும் கரைத்து ரத்தத்துக்கு அனுப்பிவிடுகிறது. உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து வாங்கிக்கொள்கிறது. நரம்பிலும் எலும்பிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை அசைவதை நிறுத்திவிடும். தின்றது கீழே இறங்காது. தீனிப்பை முட்ட இரையை வைத்துக்கொண்டு பறவை பட்டினியால் சாகிறது. இதைத் தடுக்கத்தான் உங்கள் பகுதியில் இருக்கும் காண்டோர்களைத் தவறாமல் பிடித்து ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஈயம் அதிகமிருந்தால் கூண்டில் வைத்து, கால்சியம் இ.டி.டி.ஏ. என்ற மருந்தை ஊசியில் ஏற்றி வெளியேற்றுகிறார்கள். தேறியதும் மறுபடி காட்டுக்கு. அடுத்த வேட்டைப் பருவத்தில் மறுபடி கூண்டுக்கு. ஊரில் குடிகாரரை மாற்றி மாற்றி மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் கூட்டிப்போகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அந்த ஞாபகம்தான் வருகிறது. என்ன, இங்கே பறவை குடிக்கவில்லை, நாம் ஊற்றுகிறோம்.

இப்போது அந்த ஒன்பதுக்கு வருகிறேன்.

காண்டோர் தனியாகச் சாப்பிடுகிற பறவை அல்ல. ஒன்று வட்டமிட்டு இறங்கினால் மைல்கணக்கில் அப்பால் இருப்பதும் பார்த்து வந்துவிடும். கல்யாணப் பந்தி போல ஒரே குவியலில் பத்துப் பதினைந்து உட்காரும். ஒரு மானின் குடல் ஒரு கூட்டத்துக்கே நஞ்சாக முடியும். 2012இல் கலிபோர்னியா காண்டோர்களின் ரத்தத்தை வைத்து வெளிவந்த ஆய்வு ஒன்று இதைக் கணக்காகவே போட்டுக் காட்டியது: அவை தின்னும் சடலங்களில் இருநூறுக்கு ஒன்றில் மட்டும் ஈயம் இருந்தாலே போதும், பத்து ஆண்டுக்குள் ஒரு காண்டோர் அதைத் தின்றிருக்க 85 முதல் 98 விழுக்காடு வரை வாய்ப்பு உண்டு. ஈயத்தின் ஐசோடோப்பை (எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும் அணு வகைகளை) ஒப்பிட்டு, பறவைகளின் ரத்தத்தில் இருக்கும் ஈயம் முக்கியமாகத் தோட்டாவிலிருந்தே வருகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது.

இருநூறுக்கு ஒன்று. உங்கள் கைபாப்பில் இன்னும் பத்துக்கு ஒன்று, இரண்டு. பரீட்சையில் தொண்ணூறு வாங்கிய பிள்ளையைத் திட்டுகிற அப்பா மாதிரி இருக்கிறேன் என்று தெரிகிறது. ஆனால் இந்தப் பரீட்சையில் தேர்ச்சி மதிப்பெண்ணை வைத்தது நீங்களும் இல்லை, நானும் இல்லை. அந்தப் பறவை சாப்பிடுகிற விதம் வைத்தது.

இதே கணக்கை எங்கள் நாடு ஒருமுறை போட்டிருக்கிறது, அதனால்தான் எனக்கு இவ்வளவு வாய். இந்தியாவில் தொண்ணூறுகளில் ஆரம்பித்து வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்கு 99க்கும் மேல் அழிந்தன. காரணம் மாட்டுக்குப் போட்ட வலிநிவாரணி, டைக்ளோஃபினாக். ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற பாறு சிறுநீரகம் கெட்டுச் செத்தது. அப்போதும் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். நூறில் ஒரு சடலத்துக்கும் குறைவாக நஞ்சு இருந்தாலே அந்த அழிவுக்குப் போதும் என்று வந்தது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மனிதருக்கான டைக்ளோஃபினாக்கை 30 மில்லி பாட்டிலில் விற்றுக்கொண்டிருந்தார்கள், ஒரு மனிதருக்கு வேண்டியதோ 3 மில்லி. மீதி எங்கே போகும்? மாட்டுக்குத்தான். 2015இல் 3 மில்லிக்கு மேல் ஒரே குப்பியில் அடைக்கக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது. மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017இல் நீதிமன்றம் அரசு பக்கம் நின்றது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் பாறுகள் பறக்கின்றன. விவசாயிகளிடம் பேசியதும் வேண்டியிருந்தது, பாட்டிலைச் சின்னதாக்கியதும் வேண்டியிருந்தது. பேச்சு மட்டும் போதும் என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். ஒன்றைத் தவிர மற்றவை பெரிய விஷயமில்லை.

அந்த ஒன்று, 1996இல் கொடுத்த வாக்கு. காண்டோரை இங்கே விட்டபோது அக்கம்பக்கத்து மாவட்ட மக்கள் பயந்தார்கள்: இன்றைக்குப் பறவையை விடுவான், நாளைக்கு மாடு மேய்க்காதே, மான் சுடாதே என்பான். அதனால் கூட்டரசு இவற்றைச் 'சோதனைக் கூட்டம்' என்ற சட்டப் பிரிவின்கீழ் வைத்தது. பறவையைச் சாக்காக வைத்து நிலத்திலும் வேட்டையிலும் கை வைக்க மாட்டோம் என்ற உறுதியின்மேல்தான் அந்தப் பறவைகளின் கூண்டுகள் திறந்தன. கொடுத்த வாக்கை மதிக்கிறவர்களை நானும் மதிக்கிறேன். வெளியிலிருந்து ஒருவர் வந்து அதை உடைக்கச் சொன்னால் எனக்கும் கோபம் வரும். ஆனால் அந்தப் பயம் வாஷிங்டனைப் பற்றியது. நான் கேட்பது வாஷிங்டனிடம் இல்லை. கைபாப் காடு கூட்டரசின் வனத்துறையுடையதாக இருக்கலாம், வேட்டை விதிகளை எழுதுவது நீங்கள். ஊர்க்காரர்களே கூடி நம் ஏரியில் இந்த வலை வேண்டாம் என்று முடிவெடுப்பதும், கலெக்டர் வந்து வலையைப் பிடுங்குவதும் ஒன்றா? அதுவும் பத்தில் ஒன்பது பேர் ஏற்கனவே அந்த வலையை மடித்து வைத்துவிட்ட பிறகு?

வாஷிங்டனை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2017 ஜனவரி 19 அன்று, ஆட்சி மாற்றத்துக்கு முந்தின நாள், கூட்டரசின் வனவிலங்குப் புகலிடங்களில் ஈயத் தோட்டாவைப் படிப்படியாக நிறுத்த ஓர் உத்தரவு வந்தது. மார்ச் 2 அன்று, கூட்டரசின் நிலங்களைக் கவனிக்கும் உள்துறையின் புதிய செயலர் ரயன் ஸிங்கி குதிரைமேல் ஏறி அலுவலகத்துக்கு வந்தார். முதல் நாள் வேலையே அந்த உத்தரவை ரத்து செய்ததுதான். ஒன்றரை மாத ஆயுள்.

விலை என்பீர்கள். செப்புத் தோட்டா விலை கூடத்தான், சில பழைய துப்பாக்கிகளுக்குப் பொருத்தமானது கிடைப்பதும் சிரமம்தான். அதற்குத்தானே நீங்கள் இலவசப் பெட்டி வைத்திருக்கிறீர்கள்? மான் வேட்டைக்கு ஒருவருக்கு வேண்டியது சில தோட்டாக்கள். குறி சரிபார்க்க இன்னும் கொஞ்சம். ஒரு பெட்டியில் முடிந்துவிடும்.

கலிபோர்னியாவில் சட்டம் போட்டும் காண்டோர்கள் சாகின்றனவே என்பீர்கள். உண்மை. 2008இல் காண்டோர் வாழும் பகுதியில் தடை, 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை, அதன் பிறகும் அங்கே ஈயத்தால் சாவுகள் உண்டு. 2025 ஜனவரியில், யூரோக் பழங்குடியினர் வடக்கே ரெட்வுட் காடுகளில் விட்ட கூட்டத்திலும் ஓர் இளம் பறவை ஈய நஞ்சால் செத்தது. அதன் வயிற்றில் இருந்தது ஒரு சின்ன ஏர்கன் குண்டு. சட்டப் புத்தகத்தில் எழுதியதும் காடு சுத்தமாகிவிடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் தடைக்குப் பிறகு அங்கே பொன்னாங்கழுகுகளின் ரத்தத்திலும் வான்கோழிக் கழுகுகளின் ரத்தத்திலும் ஈயம் குறைந்தது, அளந்து பார்த்தே சொன்னார்கள். கலிபோர்னியா சட்டத்தில் ஆரம்பித்தது, நீங்கள் பெட்டியில் ஆரம்பித்தீர்கள். என் கணிப்பில் உங்கள் ஆரம்பம்தான் புத்திசாலித்தனமானது. வேட்டைக்காரரை எதிரியாக்காமல் கூட்டாளியாக்கினீர்கள். அதற்காகப் பாதி வழியிலேயே நின்றுவிடுவதா?

வாத்துக் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். வாத்துகள் உணவை அரைப்பதற்குச் சின்னச் சின்னக் கற்களை விழுங்கும். வேட்டையில் சிதறிச் சதுப்பில் கிடந்த ஈய ரவைகளையும் (சிறு குண்டுகளையும்) கல் என்று நினைத்து விழுங்கின. அமெரிக்காவில் ஆண்டுதோறும் நீர்ப்பறவைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று இப்படியே சாகின்றன என்று 1959இலேயே எழுதிவிட்டார்கள். நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குத் தடை வந்தது 1991இல். இரும்பு ரவை வாத்தைக் கொல்லாது, காயம்பட்டுப் பறந்துவிடும், வேட்டையே செத்துப்போகும் என்று அப்போது போட்ட சத்தம் கொஞ்சமா? வாத்துகள் வலசை போகும் மிசிசிப்பி வழித்தடத்தை வைத்துச் செய்த கணக்குப்படி 1997இல் மட்டும் 14 லட்சம் வாத்துகள் ஈயச் சாவிலிருந்து தப்பின. அவற்றில் எத்தனையோ பின்னால் வேட்டைக்காரர்கள் பையில்தான் போய்ச் சேர்ந்திருக்கும். இன்று அரிசோனாவில் ஈய ரவையோடு வாத்து சுடப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் பக்கத்தில் நிற்கும் வேட்டைக்காரரே தடுத்துவிடுவார். ஏரிக்கு ஆன சட்டம் மேட்டுக்கு ஆகாதா?

அந்தக் கறி நாமும் தின்கிறதுதான் என்பதை ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை. 2008இல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்கு வேட்டைக்காரர்கள் தானமாகக் கொடுத்த மான்கறிப் பொட்டலங்களில் ஈயத் துணுக்குகள் இருந்தது தெரிந்து, அவற்றை வெளியே போடச் சொன்னார்கள். நல்ல மனசோடு கொடுத்த கறி. ஈயம் குழந்தைகளின் மூளைக்கு என்ன செய்யும் என்பதை ஒரு மருத்துவரும் மறுக்கமாட்டார்.

சரி, கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். மாநிலம் முழுக்கத் தடை போடுங்கள் என்று கேட்கவில்லை. துப்பாக்கிப் பயிற்சிக் களத்தில் டப்பாவைச் சுடுகிறவரின் 22 காலிபர் சிறு துப்பாக்கியை விட்டுவிடுங்கள். காண்டோர் இரை தேடும் வடக்கு கைபாப்பிலும் அதை ஒட்டிய வேட்டைப் பகுதிகளிலும், மான் போன்ற பெரிய விலங்குகளை ரைஃபிளால் சுட ஈயமில்லாத தோட்டாதான் என்று விதி எழுதுங்கள். முதல் இரண்டு பருவங்களுக்கு அபராதம் வேண்டாம், எச்சரிக்கை போதும். இலவசப் பெட்டியை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். விதி வந்த பிறகுதான் அது இன்னும் தேவைப்படும். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் இந்தப் பறவைகள் எல்லை தாண்டி ஸயன் பக்கம் போய்விடுகின்றன, ஆகவே யூட்டாவில் இருப்பவர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். மேட்டின் தென்பாதியில் செம்பும் வடபாதியில் ஈயமும் இருந்தால் காண்டோர் பலகையைப் படித்துவிட்டு இறங்காது.

2023 வசந்தத்தில் பறவைக் காய்ச்சல் வந்து அரிசோனா, யூட்டா கூட்டத்தில் 21 காண்டோர்கள் செத்தன. ஒரே ஒரு முட்டை, அதுவும் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இடுகிற பறவைக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று உங்களுக்குத் தெரியும். சில வாரங்களுக்குள் இந்தப் பறவைக்கென்றே தடுப்பூசிக்கு அவசர அனுமதி கொடுத்தார்கள். அந்த வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன். ஈயத்துக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. துப்பாக்கிக் கடை அலமாரியில் விலை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்துக்குப் பெயர் கொடுக்கப்போகிறேன். இவ்வளவையும் பேச விடமாட்டீர்கள் என்று தெரியும். கைபாப் விதி பற்றி மட்டும் பேசுகிறேன். குடல் குவியலின் எக்ஸ்ரே படத்தை ஐந்து பிரதி எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஃபீனிக்ஸில் வசிக்கும் ஒரு திருக்கழுக்குன்றத்துக்காரன்